72 மணி நேரக் கேள்வி

துறைமுகத்தில் நிற்கும் இழுவைப் படகைப் போல விநோதமான பலசாலி வேறு இல்லை. கப்பல்காரர்கள் சுருக்கமாக டக் என்பார்கள். நீளம் 25, 30 மீட்டர்தான் இருக்கும். ஆனால் 400 மீட்டர் நீளக் கப்பலை இரண்டு மூன்று டக்குகள் சேர்ந்து தள்ளித் திருப்பிக் கரையோடு அணைத்துவிடும். அந்த வேலையிலும் முழு மூச்சாகத் தள்ளவேண்டிய நேரம் சில நிமிடங்கள்தான். மிச்ச நேரமெல்லாம் காத்திருப்பது, மெதுவாக ஓடிப்போய்ச் சேர்வது, மறுபடியும் காத்திருப்பது.

நான் சாஃப்ட்வேர் ஆள். எங்கள் பாஷையில் சொன்னால், தீபாவளி ஆஃபர் அன்றைக்கு வரும் கூட்டத்துக்காக வாங்கிப்போட்ட சர்வர் மிச்ச நாளெல்லாம் ஈ ஓட்டுவது மாதிரி. சர்வர் சும்மா இருந்தால் கரண்டு பில் மட்டும் வரும். டக் சும்மா இருந்தால் புகையும் வரும். பெரிய டீசல் எஞ்சினைக் குறைந்த வேகத்தில் உறுமவிட்டு வைத்திருப்பதுபோல வீண் வேலை வேறு இல்லை.

அதனால் உலகத்துப் படகுகளில் பேட்டரிக்கு மிகப் பொருத்தமானது எது என்று கேட்டால் பட்டியலில் துறைமுக டக் முன்னால் வந்து நிற்கும். தூரம் போகவேண்டாம். ராத்திரி ஒரே இடத்துக்குத் திரும்பிவரும். மின் மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழுத் திருகுவிசையும் தரும். எல்லாம் சரி. ஆனால் அதே டக்கை ஒரு கடற்படை வாங்கும்போது வேறொரு கேள்வி எழுகிறது. பக்கத்தில் நிற்கும் போர்க்கப்பல் தீப்பிடித்தால் இந்தப் படகு எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிக்கும்?

வரலாற்றில் அதற்கு ஒரு பதில் இருக்கிறது: 72 மணி நேரம். அந்தப் பதிலில் இருந்துதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். அதற்கு முன் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

விழிஞமும் குளச்சலும்

எங்கள் ஊர் சிதறால், மார்த்தாண்டம் பக்கம். திருச்சாணத்து மலையின் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களைப் பார்க்க வருகிறவர்களில் பலர், அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டைக் கவனிப்பதில்லை. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆவது ஆட்சியாண்டில், குணந்தாங்கிக் குரத்தியார் என்ற சமணப் பெண் துறவி பகவதிக்குப் பொன் அணிகள் கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டு அது. அந்த ஆய் அரசர்களின் துறைமுகம் விழிஞம். சிதறாலில் இருந்து சுமார் 40 கிலோமீட்டர். மாநில எல்லை நடுவில் வந்தது 1956இல். கடல் அதற்கு முன்பே அங்கேதான் இருந்தது.

அந்த விழிஞத்துக்கு 2024 ஜூலையில் சான் ஃபெர்னாண்டோ என்ற முதல் தாய்க்கப்பல் வந்தது. 2025 ஜூனில் 399.9 மீட்டர் நீளமுள்ள எம்எஸ்சி இரினா வந்தது. உலகின் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல்களில் ஒன்று. அந்த மலையைச் சில மீட்டர் இடைவெளியில் கட்டுப்படுத்தியவை டக்குகள்தான். போட்டோக்களில் கப்பல்தான் தெரியும். டக் அதன் விலாவில் ஒட்டிய ஈ.

ஆய் காலத்தில் டக் கிடையாது. தேவையும் கிடையாது. டக்கின் தேவை, பெரிய கப்பல் கரையோடு வந்து அணையும்போதுதான் பிறக்கிறது. நம் கடற்கரையில் ரொம்ப காலம் அது நடக்கவே இல்லை. குளச்சலில் கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும். வள்ளங்கள் போய்ச் சரக்கை எடுத்துவரும். தூத்துக்குடியிலும் அதே கதைதான். கரையோரம் ஆழம் கிடையாது. வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோதும் கப்பல் நிற்பது பல மைல் தள்ளி. பயணிகளும் மூட்டைகளும் சிறு படகுகளில்தான் போனார்கள். ஆழ்கடல் துறைமுகம் திறந்தது 1974இல். அதுவரைக்கும் தென் தமிழகத்தின் இழுவைப் படகு, துடுப்புப் போட்ட மனிதனின் தோள்தான்.

போர்க்கப்பல்களின் நிலையும் வேறில்லை. காற்று நின்றால் பீரங்கிகளோடு அப்படியே நிற்கவேண்டியதுதான். 1741இல் குளச்சலுக்கு வந்த டச்சுக் கப்பல்கள் எல்லாம் பாய்க்கப்பல்கள். 1812 ஜூலையில் அமெரிக்காவின் கான்ஸ்டிட்யூஷன் கப்பல் பிரிட்டிஷ் கப்பல்களிடம் மாட்டாமல் தப்பியதுகூடக் கைப்பலத்தால்தான். படகில் நங்கூரத்தைக் கொண்டுபோய் முன்னால் போட்டு, கயிற்றை இழுத்துக் கப்பலை நகர்த்தி, மறுபடியும் நங்கூரத்தைக் கொண்டுபோய்ப் போட்டு, இரண்டு நாளுக்கு மேல் மாலுமிகள் இழுத்தார்கள்.

இந்தத் தலைவலிக்கு ஆரம்பத்திலேயே மருந்து யோசித்தவர்களில் ஒருவர் ஜொனாத்தன் ஹல்ஸ் என்ற ஆங்கிலேயர். 1736இல் அவர் வாங்கிய காப்புரிமை, நீராவி எஞ்சின் பொருத்திய படகால் கப்பல்களைத் துறைமுகத்துக்கு உள்ளேயும் வெளியேயும் இழுப்பதற்கு. அதாவது, அவர் யோசித்த நீராவிப் படகே ஓர் இழுவைப் படகுதான். ஆனால் அன்றைய எஞ்சினுக்கு அந்த வலு இல்லை. 1803 மார்ச்சில்தான் ஸ்காட்லாந்தின் கால்வாய் ஒன்றில் வில்லியம் சைமிங்டனின் சார்லட் டண்டாஸ், 70 டன் பார்ஜுகள் இரண்டை 30 கிலோமீட்டர் போல இழுத்துக் காட்டியது.

ஒரே செப்டம்பரில் இரண்டு படகுகள்

1838 செப்டம்பர். தேம்ஸ் நதியில் டெமரேர் என்ற கிழட்டுப் போர்க்கப்பலை உடைப்பதற்காக இழுத்துப் போகிறார்கள். டிராஃபல்கர் போரில் 98 பீரங்கிகளோடு நின்ற கப்பல் அது. இழுத்தவை இரண்டு நீராவி டக்குகள். ஓவியர் டர்னர் மறுவருடம் அதை வரைந்து காட்சிக்கு வைத்தார். படத்தில் ஒரே டக்தான் இருக்கும். வெளிறிப்போன பெரிய கப்பலுக்கு முன்னால் கறுத்த, குட்டையான, நெருப்புப் புகை கக்கும் உருவம். கடற்படை வரலாற்றில் டக் கதாநாயகனாக நிற்கும் ஒரே புகழ்பெற்ற படம் அதுவாகத்தான் இருக்கும். அதிலும் பலர் அதை வில்லனாகத்தான் பார்த்தார்கள்.

அதே செப்டம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் நெவா நதியில் வேறொரு படகு ஓடிக்கொண்டிருந்தது. புகை இல்லை. மோரிட்ஸ் யாக்கோபி என்ற ஜெர்மானியப் பொறியாளர், ஒரு டஜன் பேரை ஏற்றிக்கொண்டு மின் மோட்டாரில் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றினார். பேட்டரியில் 320 ஜோடித் தகடுகள். வேகம் மணிக்கு 2.5 கிலோமீட்டர். நாம் காலாற நடந்தால் இதைவிட வேகமாகப் போவோம். ஆனாலும் மனிதர்களை ஏற்றிக்கொண்டு ஓடிய முதல் மின்படகாக வரலாறு இதைத்தான் குறித்துவைத்திருக்கிறது.

இதில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த விஷயம், பணம் எங்கிருந்து வந்தது என்பது. ஜார் முதலாம் நிக்கோலஸ் பணம் கொடுத்தார். மேற்பார்வைக் குழுவுக்குத் தலைவர் அட்மிரல் க்ருசென்ஸ்டெர்ன், ரஷ்யாவின் முதல் உலகம் சுற்றும் கடற்பயணத்தை நடத்தியவர். அதாவது மின்படகில் முதலில் ஆசை வைத்தவர்களில் கடற்படைக்காரர்களும் இருந்தார்கள். சுற்றுச்சூழல் என்ற சொல்லே பேச்சில் இல்லாத காலம் அது. கொதிகலன் இல்லாத, வெடிக்காத, நிலக்கரி கேட்காத கப்பல்தான் அவர்கள் கனவு.

கனவைக் கலைத்தது கணக்கு. இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஜூல் என்ற இளைஞரும் மின் மோட்டார் நீராவியை விரட்டிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தார். 1841 வாக்கில் கணக்குப் போட்டுப் பார்த்தார். பேட்டரியில் கரையும் ஒரு ராத்தல் துத்தநாகம், நல்ல நீராவி எஞ்சினில் எரியும் ஒரு ராத்தல் நிலக்கரி செய்யும் வேலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் செய்தது. துத்தநாகமோ நிலக்கரியைவிடப் பல மடங்கு விலை. ஜூல் ஆசையை விட்டுவிட்டு வெப்பத்தையும் ஆற்றலையும் அளக்கப் போனார். அதில்தான் அவர் பெயர் நிலைத்தது.

ஆக, 1838இல் போட்டி நடந்தது. மின்சாரம் தோற்றது. காரணம் மோட்டார் இல்லை, பேட்டரி. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் அடுத்த 170 வருஷமும் புரிந்துவிடும்.

கம்பி, பேட்டரி, ஜெனரேட்டர்

தோற்ற பிறகும் கடற்படைகள் மின்சாரத்தை முழுசாகக் கைவிடவில்லை. வேறு வழி இல்லாத இடத்தில் ஏற்றுக்கொண்டன. 1888இல் பிரான்ஸ் இறக்கிய ஜிம்னோட் என்ற நீர்மூழ்கி முழுக்கப் பேட்டரியில் ஓடியது. தண்ணீருக்கு அடியில் கொதிகலன் எரிக்கமுடியாதே. ஆனால் கடலில் சார்ஜ் செய்துகொள்ள அதில் எந்திரம் கிடையாது. சார்ஜ் தீர்ந்தால் கரைக்கு வந்துதான் ஆகவேண்டும். இன்றைய மின்சார டக்கின் கட்டுப்பாடும் அதேதான்.

பேட்டரித் தொல்லையைத் தாண்ட இன்னொரு வழி, கம்பி. 1914இல் திறந்த பனாமா கால்வாயில், மதகுத் தொட்டிகளுக்குள் கப்பலைப் பிடித்துக்கொண்டு போக மியூல் என்ற மின்சார இழுவை எந்திரங்கள் கரையில் தண்டவாளத்தில் ஓடின. கோவேறு கழுதை என்று அர்த்தம். 2016இல் திறந்த புதிய பெரிய மதகுகளில் அந்த வேலையை டக்குகளுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

மூன்றாவது வழி, எஞ்சினையே படகுக்குள் மின்நிலையமாக்குவது. டீசல் எஞ்சின் ஜெனரேட்டரைச் சுற்றும். ஜெனரேட்டர் மோட்டாருக்கு மின்சாரம் தரும். மோட்டார் உந்தியைச் சுற்றும். சுற்றி வளைத்த ஏற்பாடு மாதிரித் தோன்றும். ஆனால் டக்குக்கு இதில் பெரிய லாபம் இருந்தது. முன்னால், பின்னால் என்று நிமிடத்துக்கு நாலு தடவை மாறவேண்டிய வேலை அது. மின் மோட்டார் என்றால் மேலே நிற்கும் கேப்டனே சட்டென்று மாற்றிக்கொள்ளலாம். அமெரிக்கக் கடற்படை 1940வாக்கில் இப்படிப்பட்ட துறைமுக டக்குகளைக் கட்டியது. அவற்றில் ஒன்றின் பெயர் ஹோகா.

ஹோகா

1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை காலை, பேர்ல் ஹார்பர். ஜப்பானிய விமானங்கள் குண்டு போட ஆரம்பித்த சில நிமிடங்களில் ஹோகா கிளம்பியது. தண்ணீரில் தத்தளித்த இரண்டு பேரைத் தூக்கியது. எரிந்துகொண்டிருந்த அரிசோனாவின் பக்கத்தில் மாட்டிக்கொண்ட வெஸ்டல் என்ற பழுதுபார்க்கும் கப்பலை இழுத்து வெளியே விட்டது. அப்புறம் நெவாடா. குண்டடிபட்ட அந்தப் போர்க்கப்பல் துறைமுகத்தின் வாயருகே மூழ்கினால் வழியே அடைபட்டுப்போகும். ஹோகா அதைத் தள்ளிக்கொண்டுபோய் ஓரத்தில் தரைதட்ட வைக்க உதவியது; அதன் தீயையும் அணைத்தது. பிறகு அரிசோனாவுக்கே திரும்பிப் போய்த் தண்ணீர் பீய்ச்சியது. மொத்தம் 72 மணி நேரம்.

நான் கேட்க விரும்புவது இதைத்தான். ஹோகாவில் மின் மோட்டார் இருந்தது. அதோடு தொட்டி நிறைய டீசலும் இருந்தது. அந்த இடத்தில் இன்றைய பேட்டரி டக் இருந்திருந்தால்?

கணக்கு கஷ்டமில்லை. 2022இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகம் 70 டன் இழுவிசை கொண்ட முழு மின்சார டக்கைக் கொண்டுவந்தது. பெயர் ஸ்பார்க்கி. நெதர்லாந்தின் டாமென் நிறுவனம் கட்டியது. பேட்டரி 2,784 கிலோவாட்-மணி. நம் ஊர்க் கணக்கில் 2,784 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் இல்லையா? கிட்டத்தட்ட 28 வீடுகளின் இலவச மின்சாரம் அந்த ஒரு படகின் வயிற்றுக்குள். ஒரு லிட்டர் டீசல் எஞ்சினில் எரிந்து சுமார் 4 யூனிட் அளவுக்கு வேலை தரும். அப்படியானால் ஸ்பார்க்கியின் முழு சார்ஜ் என்பது 700 லிட்டர் டீசலுக்குச் சமம். இதே அளவு டீசல் டக்கின் தொட்டியில் பல பத்தாயிரம் லிட்டர் நிற்கும்.

அன்றாடத்துக்கு 700 லிட்டர் போதும். மூன்று நான்கு கப்பல் வேலை முடித்துவிட்டு வந்து, இரண்டு மணி நேரத்தில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். துத்தநாகத்தின் இடத்துக்கு லித்தியம் வந்ததால் யாக்கோபியின் படகு 184 வருஷம் கழித்து நிஜமாகவே வேலைக்கு வந்துவிட்டது. துருக்கியில் 2020இலேயே கிஸாஸ் பவர் வந்தது. அமெரிக்காவின் சான் டியேகோவில் 2024இல் 6.2 மெகாவாட்-மணி பேட்டரியோடு ஈவுல்ஃப் வந்தது. டக்கில் எடை ஒரு குறையும் இல்லை. இழுப்பவனுக்குக் கனம் வேண்டும்தானே.

ஆனால் 72 மணி நேரம்? அதற்கு 700 லிட்டர் எந்த மூலைக்கு? குண்டு விழும் நாளில் கரையில் கரண்டு இருக்கும் என்பது என்ன நிச்சயம்?

என் சித்தி மகன் ஒருத்தன் வளைகுடாத் துறைமுகம் ஒன்றில் டக் எஞ்சின் ரூமில் வேலை பார்க்கிறான். அவனிடம் இதைச் சொன்னபோது சிரித்தான். "அண்ணா, தீப்பிடிச்ச கப்பல்கிட்ட 'சார்ஜ் தீந்துபோச்சு, நாளைக்கு வாறேன்'னு சொல்லமுடியுமா?" என்றான். கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான்: "ஆனா ஒண்ணு. எரியுற கப்பல நான் இதுவர பாத்ததில்ல. புகைய தெனமும் பாக்கேன்."

அவசரமும் அன்றாடமும்

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில்தான் முழுப் பிரச்சினையும் இருக்கிறது.

டீசல் எஞ்சின் புகை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. அந்தப் புகையைத் துறைமுகத்தில் ரொம்ப நேரம் சுவாசிப்பவர்கள் யார்? கப்பல் வந்துபோகும். டக் அங்கேயே இருக்கும். டக்கின் எஞ்சின் ரூம் ஆட்களும், ஜெட்டியில் கயிறு கட்டுகிறவர்களும், துறைமுக மதிலை ஒட்டி வீடு கட்டி இருக்கும் மீனவர்களும் அங்கேயே இருப்பார்கள்.

இந்திய அரசு 2024 ஆகஸ்ட்டில் பசுமை டக்குகளுக்கு மாறும் திட்டம் ஒன்றை அறிவித்தது. முதல் கட்டம் 2027 டிசம்பர் வரை. மும்பை பக்கத்து ஜவாஹர்லால் நேரு துறைமுகம், காண்ட்லாவின் தீனதயாள், ஒடிசாவின் பாரதீப், நம் தூத்துக்குடியின் வ.உ.சிதம்பரனார் துறைமுகம் ஆகிய நான்கும் தலா இரண்டு டக்குகளையாவது சொந்தமாக வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டும். முதல் தொகுதி பேட்டரிப் படகுகள். 2040க்குள் எல்லாத் துறைமுக டக்குகளும் மாறிவிடவேண்டும் என்பது இலக்கு.

இது துறைமுக அமைச்சகத்தின் திட்டம். கடற்படை பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருவது. இந்தியக் கடற்படை 2021 நவம்பரில் 25 டன் இழுவிசை கொண்ட 6 டக்குகளுக்குக் கொல்கத்தாவின் டிடாகர் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது.   எல்லாம் டீசல். அவற்றின் வேலைப் பட்டியலில் விமானந்தாங்கிகளையும் நீர்மூழ்கிகளையும் அணைப்பதோடு, பக்கத்துக் கப்பல் எரிந்தால் தீயணைப்பதும் இருக்கிறது. இது வெறும் காகித வேலை என்று நினைக்கவேண்டாம். 2024 ஜூலை 21 மாலை மும்பைக் கடற்படைத் தளத்தில் ஐஎன்எஸ் பிரம்மபுத்ரா தீப்பிடித்தது. மறுநாள் காலைதான் தீ கட்டுக்குள் வந்தது. கப்பல் ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது. ஒரு மாலுமி இறந்துபோனார். போர் இல்லாத நாளிலேயே ஓர் இரவு முழுக்கத் தேவைப்பட்டது.

ஆகவே கடற்படையின் தயக்கத்தைச் சோம்பேறித்தனம் என்று நான் சொல்லமாட்டேன். தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பேட்டரியே எரியலாம். 2019 அக்டோபரில் நார்வேயில் யிட்டெரோய்னிங்கன் என்ற படகின் பேட்டரி அறையில் தீப்பிடித்து, மறுநாள் வாயு வெடித்தது. தீயணைப்பு வீரர்கள் மருத்துவமனைக்குப் போகவேண்டி வந்தது. தீயணைக்கப் போகும் படகு இப்படி ஆகக்கூடாது.

ஆனால் தயக்கம் வேறு, மறுப்பு வேறு. ஒரு டக் 20, 25 வருஷம் உழைக்கும். இன்றைக்கு டீசல் டக் வாங்கினால் 2045இலும் அது புகை விட்டுக்கொண்டிருக்கும். அவசரத்துக்கு டீசல் வேண்டும் என்பதைக் காரணம் காட்டி, அன்றாடத்தையும் டீசலிலேயே ஓட்டுவதற்கு என்ன நியாயம்? ஆயுளில் ஒருமுறை வரும் 72 மணி நேரத்துக்காக, தினமும் வரும் 8 மணி நேர ஷிஃப்டை ஒருத்தன் புகைக்குள் கழிக்கவேண்டுமா?

இரண்டும் சேர்ந்த படகு ஒன்றும் கற்பனை இல்லை. நெதர்லாந்துக் கடற்படை 2016இலேயே மூன்று ஹைப்ரிட் டக்குகளை எடுத்துக்கொண்டது. காத்திருப்பதற்கும் மெதுவாக ஓடுவதற்கும் பேட்டரி. முழு பலத்துக்கும் நீண்ட வேலைக்கும் டீசல். யோசித்துப் பார்த்தால் இது ஹோகாவின் ஏற்பாட்டோடு ஒரு பேட்டரியைச் சேர்த்ததுதான். 1941இலேயே மோட்டாரும் ஜெனரேட்டரும் டீசல் தொட்டியும் ஒரே படகில் இருந்தன. குறைந்தது நல்ல பேட்டரி மட்டும். இப்போது அதுவும் வந்துவிட்டது. ஒரு தளத்தில் ஆறு டக் நின்றால் ஆறும் 72 மணி நேரம் தாங்கவேண்டும் என்பதும் இல்லை. இரண்டு முழு மின்சாரம், நாலு ஹைப்ரிட் என்று வைத்துக்கொள்ளலாம். சர்வர் வேலையில் இருப்பவர்கள் இதைத் தினமும் செய்கிறார்கள்: அன்றாடச் சுமைக்கு ஒன்று, வெள்ளம் வந்தால் எழுப்பிவிட இன்னொன்று.

கடைசியாக, கரையில் வரும் கரண்டு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே அனல் மின்நிலையத்தின் புகைபோக்கிகள் நிற்கின்றன. அந்தக் கரண்டில் டக்கை ஓட்டினால் புகை படகை விட்டுச் சிம்னிக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். எஞ்சின் ரூம் ஆளுக்கு நிம்மதி. சிம்னிக்குக் கீழே இருப்பவனுக்கு இல்லை. இன்னொரு பக்கம், எங்கள் மாவட்டத்தின் ஆரல்வாய்மொழிக் கணவாயில் முப்பந்தல் காற்றாலைகள் இருக்கின்றன. நாட்டின் பெரிய காற்றாலைத் தொகுப்புகளில் ஒன்று. ஆடி மாதம் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும், ஜன்னலைத் திறக்கமுடியாது. பாய்க்கப்பல் காலத்தில் காற்று நின்றால்தான் டக் தேவைப்பட்டது. இனி காற்று வீசும்போது சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் டக்குகள் வரலாம்.

அவை வரும்போது கடற்படைத் தளங்களிலும் வரவேண்டும். தீப்பிடிக்கும் நாளுக்குத் தொட்டியில் டீசல் இருக்கட்டும். மற்ற நாட்களுக்கு அந்த எஞ்சினை அணைத்துவைக்கலாம்.